வளவுக்கு மேலே மாக்கேமாக்கே

நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் பனி உலகம் ஒன்றைச் சொந்தத் தொலைநோக்கியில் பிடிக்க வேண்டும் என்று சொன்னால், எல்லோர் வாயிலும் முதலில் வருவது புளூட்டோதான். பொலிவெண் 14.4 (இந்த எண் கூடக் கூட வெளிச்சம் குறையும்). வெளிச்சத்தை மட்டும் பார்த்தால் அதுவே எளிது. ஆனால் செட்டிநாட்டு வானத்துக்கும் புளூட்டோவுக்கும் காலம் ஒத்துவருவதில்லை. இந்த ஆண்டுகளில் அது சூரியனுக்கு நேர் எதிரே வருவது ஜூலைக் கடைசியில், அதாவது ஆடியில். ஆடிக் காற்று தொலைநோக்கிக் குழாயை ஆட்டும். அரை மணி தெளிந்தால் ஒரு மணி மேகம் மூடும். அடுத்துச் சொல்லப்படும் ஏரிஸுக்குப் பொலிவெண் 18.7. அது உச்சம் காணும் ஐப்பசி நமக்கு அடைமழைக் காலம்.

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, ஆத்தங்குடி என்று இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்குப் பொருத்தமானது மாக்கேமாக்கே. பங்குனியிலும் சித்திரை முற்பகுதியிலும் நள்ளிரவை ஒட்டித் தலைக்கு மேலே வருகிறது. பொலிவெண் 17. புளூட்டோவைவிடப் பத்து மடங்கு மங்கல் என்றாலும், வறண்ட வானமும் உச்சி உயரமும் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். இன்னொன்றும் உண்டு. நகரத்தார் வீட்டு வளவு முற்றத்தில் நின்று, நாலு பக்கமும் ஓடு மறைத்தாலும், பார்க்கக்கூடிய தொலைதூர உலகம் இது.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். 2005 மார்ச் 31 அன்று மைக் பிரவுன், சாட் ட்ருஹியோ, டேவிட் ராபினோவிட்ஸ் குழு கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் இருக்கும் 48 அங்குலத் தொலைநோக்கி எடுத்த படங்களிலிருந்து இதைக் கண்டுபிடித்தது. தற்காலிகப் பெயர் 2005 எஃப்ஒய்9, பட்டியல் எண் 136472. ஈஸ்டர் திருநாள் முடிந்த சில நாளில் கிடைத்ததால், 2008இல் ஈஸ்டர் தீவு மக்களின் படைப்புக் கடவுள் பெயரையே சூட்டினார்கள். விட்டம் ஏறத்தாழ 1,430 கிலோமீட்டர், நம் நிலவின் விட்டத்தில் பாதிக்கும் குறைவு. சூரியனை ஒருமுறை சுற்ற 300 ஆண்டுக்கு மேல் ஆகும். சுற்றுப்பாதை, கோள்களின் தளத்துக்கு 29 பாகை சாய்ந்தது. இப்போது பாதையின் தூரக்கடைசியை நெருங்கிக்கொண்டிருக்கிறது. சூரியனிலிருந்து 52 வானியல் அலகுக்கும் மேலே (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்). அங்கிருந்து ஒளி இங்கே வந்து சேர 7 மணி 10 நிமிடம் ஆகிறது. நள்ளிரவில் கேமராவில் விழும் ஒளி, முந்தின மாலை விளக்கு வைப்பதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பியது.

இவ்வளவு தூரத்தில் இருந்தும் 17 என்ற வெளிச்சம் எப்படிக் கிடைக்கிறது? மேற்பரப்பு உறைந்த மீத்தேன். விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நிறமாலையில் மீத்தேன் பட்டைகள் மிக ஆழமாக இருப்பதை வைத்து, அந்தப் பனி பொடியாக இல்லை, ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள மணிகளாக இருக்க வேண்டும் என்று கணித்தார்கள். கற்கண்டுக் கட்டி பரப்பிய தரை என்று நினைத்துக்கொள்ளலாம். வெப்பநிலை மைனஸ் 230 செல்சியஸ் அளவில். சூரிய ஒளியும் கதிர்வீச்சும் மீத்தேனை உடைத்து ஈத்தேனும் சிவந்த கரிமச் சேர்மங்களும் ஆக்குவதால் மேலே லேசான செம்மை படிந்திருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அளவீடுகளை வைத்து 2024இல் வெளியான ஆய்வு ஒன்று, அந்த மீத்தேனில் இருக்கும் கன ஹைட்ரஜனின் விகிதத்தைப் பார்த்து, அது ஆதிகாலத்திலிருந்து அப்படியே தங்கிய மீத்தேன் இல்லை, உள்ளே சூடான பாறைக் கருவில் உருவாகி மேலே வந்தது என்று சொல்கிறது. குளிர்ந்து செத்துப்போன கட்டி என்று நினைத்திருந்த ஒன்றின் வயிற்றில் சூடு இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்தப் புள்ளியைப் பார்ப்பதற்கும் தெரியாமல் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இனி வேலை.

எங்கே, எப்போது

பங்குனி உத்திரத்தன்று முழுநிலா உத்திர நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும். உத்திரத்துக்குக் கிழக்கே, செம்மஞ்சளாகப் பளிச்சென்று தெரிவது சுவாதி. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வானத்தில், சுவாதிக்கு மேற்கே ஏறத்தாழ 12 பாகை தள்ளி, கோமா பெரினீசஸ் மண்டலத்தின் கீழைக் கோடியில் மாக்கேமாக்கே இருக்கிறது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஒரு முஷ்டியும் இரண்டு விரலும்.

ஆகவே குன்றக்குடிக்குக் காவடி போகும் அந்த நாள்தான் இந்த வேலைக்கு மிக மோசமான நாள். நிலா பக்கத்திலேயே நிற்கும்போது 17ஆம் பொலிவெண் புள்ளி வெளிச்சத்தில் மூழ்கிவிடும். பஞ்சாங்கத்தைப் பிரித்து, உத்திரத்துக்குப் பின் பத்து நாள் தள்ளி, அமாவாசை கழிந்து நாலைந்து நாள் வரை உள்ள இரவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தேய்பிறை நிலா பின்னிரவில்தான் எழும். வளர்பிறை தொடக்கத்தில் முன்னிரவிலேயே மறைந்துவிடும். உத்திரத்துக்கு முந்தின அமாவாசையும் ஆகும். ஆனால் அப்போது விடியற்காலை மூடுபனி சில நாள் தொல்லை தரும், காரைக்குடியில் மாசி-பங்குனித் திருவிழாவின் தொடர்விளக்குகளும் சேர்ந்துகொள்ளும். சித்திரையில் சாயங்காலக் கோடை மழை பெய்து வெறித்த இரவு கிடைத்தால் விடவே கூடாது. தூசு அடங்கி வானம் கழுவிவிட்டது போல இருக்கும்.

நம் ஊர் வட அகலாங்கு 10 பாகை. மாக்கேமாக்கே இப்போது வானத்தின் நடுவரையிலிருந்து (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஓடும் கோடு) வடக்கே 21 பாகையை ஒட்டி இருக்கிறது. அதனால் உச்சத்தில் 79 பாகை உயரம். 60 பாகைக்கு மேலே மட்டும் 3 மணி 50 நிமிடம் நிற்கிறது. 50 பாகைக்கு மேலே 5 மணி 20 நிமிடம். கண்டுபிடித்த பாலோமர் மலையிலிருந்தே பார்த்தாலும் அது இவ்வளவு கிட்டத்தில் உச்சிக்கு வருகிற ஒன்றுதான். ஆனால் புளூட்டோ அங்கே தாழ்ந்து கிடக்கும்.

முற்றத்தை அளப்பது

மொட்டைமாடி இருக்க வளவுக்குள் ஏன் நிற்க வேண்டும்? மூன்று காரணம். தெருவிளக்கெல்லாம் இப்போது வெள்ளை எல்இடி. மாடியில் அது குழாய் வாய்க்குள் நேரே அடிக்கும். முற்றத்தில் நாலு பக்கச் சுவரும் அதை மறைத்துவிடும். இரண்டாவது, காற்று. மூன்றாவது, பழைய மட்டப்பாக்கள் மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசியவை. அதன்மேல் ஒருவர் நடந்தாலே கருவி அதிரும், படத்தில் நட்சத்திரம் இரண்டாகத் தெரியும். வளவு முற்றத்தின் கருங்கல் தரை அசையாது.

முற்றத்தில் எவ்வளவு வானம் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போடலாம். உதாரணத்துக்கு, முற்றம் கிழக்கு மேற்கில் 24 அடி, தெற்கு வடக்கில் 18 அடி, இறவாரம் தரையிலிருந்து 14 அடி, குழாயின் வாய் 4 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். கருவிக்கு மேலே இறவாரம் 10 அடி. நடுவில் நின்றால் கிழக்கு விளிம்பு 12 அடி தூரம். 10க்கு 12 என்றால் கோணம் 40 பாகை. அதற்கு மேலே இருக்கும் வானம் முழுதும் நமக்கு. மாக்கேமாக்கே ஆறு மணி நேரத்துக்கு மேல் கண்ணில் இருக்கும். மாடி வைத்த வளவு, இறவாரம் 28 அடி என்றால் 24க்கு 12, கோணம் 63 பாகை. அப்போதும் மூன்று மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். கணக்குப் போட விருப்பம் இல்லாதவர்கள் பள்ளிக்கூடக் கோணமானியின் நடுத்துளையில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, நேர்விளிம்பு வழியாக இறவாரத்தைப் பார்த்தால் போதும். நூல் 90லிருந்து எத்தனை பாகை விலகுகிறதோ அதுதான் இறவாரத்தின் உயரக் கோணம்.

மாக்கேமாக்கே கிழக்கிலிருந்து மேற்கே முற்றத்தைக் கடக்கிறது. ஆகவே முற்றத்தின் நீள்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் நேரம் கூடும். வடபக்கச் சுவர் இடைஞ்சல் ஆகாது. உச்சத்திலும் அது தலைக்கு மேலிருந்து 11 பாகைதான் வடக்கே சாய்கிறது. கருவியை முற்றத்தின் நடுவிலிருந்து ஓரடி தெற்கே தள்ளி வைத்தால் இன்னும் நல்லது.

குரங்குக்கும் திருட்டுக்கும் பயந்து பல வீடுகளில் முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி போட்டிருப்பார்கள். அரை அடிக்கு ஒரு கம்பி என்றால் பரவாயில்லை. பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் போகும், பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றிக் கதிர்க்கோடுகள் வரும், அவ்வளவுதான். கம்பியோடு சன்ன வலையும் அடித்திருந்தால் அந்த முற்றம் உதவாது. இரண்டாங்கட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அங்கே அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். புகையைவிட, சூடான காற்று மேலே எழுவதுதான் கெடுதல்.

பங்குனி வெயில் குடித்த ஓடும் கல்லும் இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்கும். வாசல் தெளிப்பது போல, முற்றத்துக் கல்லில் சாயங்காலம் ஆறு மணிக்கே நாலைந்து வாளி தண்ணீர் தெளித்துவிட்டால் சூடு சீக்கிரம் இறங்கும். எட்டு மணிக்கு மேல் தெளிக்கக் கூடாது. ஈரம் கண்ணாடியில் படியும். பத்தரைக்கு முன் எடுத்த படங்களில் நட்சத்திரங்கள் பஞ்சு போல உப்பியிருந்தால் குவியத்தைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள், காற்று அடங்கவில்லை என்று அர்த்தம். பத்தியில் படுக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நடுவில் ஆச்சி எழுந்து வளவு விளக்கைப் போட்டால் அந்த ஒரு ஃப்ரேம் போகும், உங்கள் கண்ணும் இருபது நிமிடத்துக்குப் போகும்.

கருவி

8 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடி வகைத் தொலைநோக்கி), குவியத் தூரம் 1,000 மி.மீ., 3.76 மைக்ரான் புள்ளிகள் கொண்ட குளிர்விக்கும் கறுப்பு வெள்ளை கேமரா. நான் சிபாரிசு செய்யும் கூட்டணி இது. ஒரு புள்ளிக்கு 0.78 வில்விநாடி (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி), இரண்டுக்கு இரண்டு புள்ளிகளை ஒரு கட்டமாகச் சேர்த்தால் 1.55. வடிகட்டி எதுவும் வேண்டாம். இந்த அமைப்பில், நல்ல இரவில், 60 விநாடி ஃப்ரேம் ஒன்றிலேயே மாக்கேமாக்கே பட்டுவிடும். 20 ஃப்ரேம் அடுக்கினால் சந்தேகத்துக்கு இடமில்லை. 5 அங்குலக் குழாயும் சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவும் இருந்தால் 30 விநாடியில் 100 ஃப்ரேம் எடுங்கள். கண்ணால் பார்க்கும் ஆசை இருந்தால் 16 அங்குலத்துக்குக் குறைந்து முயல வேண்டாம் என்பது என் கருத்து.

தென்தமிழ்நாட்டில் எல்லோரையும் படுத்தும் விஷயம் மவுண்ட், அதாவது குழாயைத் தாங்கி வானத்தோடு திருப்பும் தாங்கி. ஈக்குவடோரியல் மவுண்டின் துருவ அச்சு, ஊரின் அகலாங்கு அளவுக்குத்தான் மேலே தூக்கி நிற்க வேண்டும். இங்கே 10 பாகை, ஏறக்குறைய படுத்த நிலை. 30, 50 பாகையில் இருக்கும் நாடுகளை நினைத்துச் செய்த மவுண்டுகள் இவ்வளவு தாழ்ந்து போகும்போது இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஒன்று, சாய்வைத் தாங்கும் திருகாணி. தாழ்ந்த கோணத்தில் அதன்மேல் எடை பக்கவாட்டில் விழுந்து ஆணியே வளையும். திருகுவதற்கு முன் குழாயையும் எடைக் குண்டுகளையும் கழற்றிவிட வேண்டும். சோம்பலால் இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் ஆணியை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு, எடைத்தண்டு. அச்சு படுத்திருப்பதால் தண்டு ட்ரைபாடின் வடபக்கம் நேரே கீழே தொங்கும். அங்கே ஒரு கால் இருந்தால் எடைக் குண்டு அதில் இடிக்கும். பொருள் உச்சியைக் கடந்ததும் குழாயை மறுபக்கம் புரட்டும்போது தண்டு இந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். மோட்டார் தடுமாறி, அதற்குப் பிறகு எடுத்த படமெல்லாம் கோடு கோடாக வந்துவிடும். ட்ரைபாடைத் திருப்பி இரண்டு கால்கள் வடக்கே விரிய, ஒன்று தெற்கே இருக்கும்படி வையுங்கள். கூடவே தண்டைக் குட்டையாக்குங்கள்: ஒரு 5 கிலோ குண்டை நுனியில் மாட்டுவதற்குப் பதிலாக இரண்டைக் கழுத்துக்கு அருகே மாட்டினால் அதே சமநிலை கிடைக்கும், இடிக்காது. முற்றத்தில் அச்சைப் படுக்க வைத்த நிலையிலேயே ஒருமுறை பகலிலேயே கையால் முழுச் சுற்றும் சுற்றிப் பாருங்கள்.

துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 10 பாகைதான். மாடியிலேயே தென்னந்தோப்பு மறைக்கும். வளவுக்குள்ளிருந்து தெரியவே தெரியாது. ஆகவே துருவப் பகுதியைக் கேமராவில் காட்டினால்தான் ஒழுங்குபடுத்தித் தரும் மென்பொருள் இங்கே பயன்படாது. நினா மென்பொருளில் மூன்று புள்ளித் துருவ ஒழுங்கு என்ற கூடுதல் வசதி உண்டு. தலைக்கு மேலே எந்தப் பகுதியிலாவது மூன்று இடத்தில் படம் எடுத்து, நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். தொடங்கும்போது ஊசித் திசைகாட்டியை வைத்து வடக்கைத் தோராயமாகப் பிடியுங்கள். ஆனால் வளவின் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் வைத்தால் ஊசி பொய் சொல்லும்.

ஆல்ட்-அஸ் வகை மவுண்ட் (மேல் கீழாகவும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்புவது), அல்லது இப்போது பரவலாக வந்திருக்கும் தானியங்கிச் சிறு தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு உச்சிப் பொழுது ஆகாது. 79 பாகை உயரத்தில் படக்களம் நிமிடத்துக்கு 1.3 பாகை வீதம் சுழல்கிறது. 60 பாகையில் அது 0.2 பாகை மட்டுமே. உச்சத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவோ பின்னதாகவோ எடுங்கள்.

மின்சாரத்துக்கு, மவுண்டும் கேமராவும் சேர்ந்து 12 வோல்ட்டில் 4 முதல் 5 ஆம்பியர் கேட்கும். ஆறு மணி நேரத்துக்கு 30 ஆம்பியர்-மணி. பைக் பேட்டரி தாங்காது. வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். பங்குனி இரவில் காற்றே 26 செல்சியஸ் இருக்கும். கேமராவை மைனஸ் 5க்கு வைத்தால் போதும். மைனஸ் 15 கேட்டால் குளிர்விப்பான் முழுத் திறனில் ஓடியும் எட்டாது. வெப்பநிலை ஏறி இறங்கும், டார்க் ஃப்ரேம்கள் (வாயை மூடிவைத்து எடுத்து, படத்திலிருந்து கழிக்கும் படங்கள்) பொருந்தாமல் போகும்.

பிடிப்பதும் உறுதிசெய்வதும்

நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் தளத்தில் 136472 என்று கொடுத்து அன்றைய இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது உலக நேரத்தில் தரும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துக் கணக்கிட மறந்தால் புள்ளி 14 வில்விநாடி தள்ளி நிற்கும். அந்த இடத்தில் வேறொரு மங்கல் நட்சத்திரம் இருந்துவிட்டால் அதையே மாக்கேமாக்கே என்று நம்பிவிடுவோம். முதல்முறை செய்கிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

மாக்கேமாக்கே இந்த நாட்களில் மணிக்கு 2.5 வில்விநாடி நகர்கிறது. அதன் சொந்த ஓட்டம் இதில் சிறு பங்கு. பூமி நகர்வதால், ஓடும் ரயிலிலிருந்து பார்க்கும் தூரத்து மரம் போல, பின்னால் போவதாகத் தெரிகிறது. எவ்வளவு தூரமோ அவ்வளவு மெதுவு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இருக்கும் சிறுகோள்கள் மணிக்கு 30 வில்விநாடி அளவில் ஓடும். ஆகவே வேகத்தை அளந்தாலே தூரம் தெரிந்துவிடும். பாலோமரில் செய்ததும் இதைத்தான்: ஒரே இடத்தை ஒன்றரை மணி நேர இடைவெளியில் மூன்று முறை படம் எடுத்து, மெல்ல நகர்வதைத் தேடினார்கள். மிக மெதுவாக நகர்ந்த ஏரிஸ் முதலில் கண்ணிலிருந்து தப்பியது. 2003 அக்டோபர் படத்தில் இருந்ததை 2005 ஜனவரியில்தான் கண்டார்கள்.

இந்த மெதுவு நமக்கு ஒரு சலுகை தருகிறது. அரை மணி நேரப் படங்களை நட்சத்திரங்களை வைத்தே அடுக்கலாம். அதற்குள் புள்ளி 1.3 வில்விநாடிதான் நகரும், ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். பதினொரு மணிக்கு 20 ஃப்ரேம் ஓர் அடுக்கு, இரண்டு மணிக்கு 20 ஃப்ரேம் இன்னோர் அடுக்கு. இரண்டையும் அஸ்டாப் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஆணி அடித்தது போல நிற்க, ஒன்று மட்டும் 5 கட்டம் இடம் மாறிக் குதிக்கும். அப்படிக் குதிக்கிற புள்ளிதான். மறுநாள் இரவு அதே களத்தை எடுத்தால் ஒரு வில்நிமிடம், ஏறக்குறைய 40 கட்டம் மேற்கே போயிருக்கும். முதல் நாள் இருந்த இடம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலியிடத்தைக் கண்ணால் பார்க்கும் வரை நான் யாருக்கும் பிடித்துவிட்டேன் என்று சொல்லச் சொல்ல மாட்டேன்.

பொய்யாகக் குதிப்பவையும் உண்டு. அதில் மோசமானது கேமராவின் சூட்டுப்புள்ளி, அதாவது வெளிச்சம் விழாமலேயே பளிச்சென்று பதியும் பழுதான புள்ளி. துருவ ஒழுங்கு கொஞ்சம் பிசகியிருந்தால் களம் மெல்ல நழுவும். நட்சத்திரங்களை வைத்து அடுக்கும்போது, சென்சாரில் அசையாமல் இருக்கும் சூட்டுப்புள்ளி வானத்தில் மெல்ல ஊர்வது போலத் தெரியும். வேகம்கூட மாக்கேமாக்கே போலவே அமைந்துவிடலாம். அடையாளம் இதுதான்: சூட்டுப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில், ஒரே அளவு ஊர்ந்திருக்கும், ஒரு கட்டத்துக்குள் கூர்மையாக இருக்கும். உண்மையான புள்ளி அக்கம்பக்க நட்சத்திரம் போலவே இரண்டு மூன்று கட்டத்துக்குப் பரவியிருக்கும். தடுக்க, மூன்று ஃப்ரேமுக்கு ஒருமுறை கருவியைச் சில கட்டம் இங்குமங்கும் நகர்த்தும் டிதர் வசதியைப் போட்டுவிடுங்கள். அதே வெப்பநிலை, அதே நேர அளவில் 30 டார்க் ஃப்ரேம் எடுத்துக் கழியுங்கள். அந்தப் பகுதியில் தூரத்து விண்மீன் கூட்டங்கள் நிறைய. மங்கலாகப் புகைப்பொட்டு போல இருப்பவை அவை. நகராது, குழம்ப வேண்டாம்.

பழைய வானப் படத்தோடு ஒப்பிடுவது இன்னொரு சோதனை. 1950களில் பாலோமரின் அதே 48 அங்குலக் கருவியால் எடுத்த வான அளவைப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் படத்தில் இருந்து அதில் இல்லாத புள்ளியைத் தேடுங்கள். கண்டுபிடித்த பிறகு பின்னோக்கித் தேடியபோது 1955ஆம் ஆண்டுப் படத்திலேயே மாக்கேமாக்கே பதிந்திருந்தது தெரியவந்தது. ஐம்பது ஆண்டு அலமாரியில் இருந்திருக்கிறது.

துணைக்கோள் ஒன்றும் உண்டு. 2015இல் ஹப்பிள் எடுத்த படங்களில் கிடைத்தது. மாக்கேமாக்கேவைவிட 1,300 மடங்கு மங்கல். நம் கருவிகளுக்கு எட்டாது.

எட்டக்கூடியது மறைப்பு. மாக்கேமாக்கே ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் போகும்போது அதன் நிழல் பூமியில் விழும். நிழல் விநாடிக்கு 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடுவதால், மையத்தில் நிற்பவருக்கும் நட்சத்திரம் ஒரு நிமிடத்துக்குள்தான் மறைந்திருக்கும். 2011 ஏப்ரல் 23 அன்று தென் அமெரிக்காவில் பல இடங்களிலிருந்து இப்படிப் பார்த்துத்தான் அளவு துல்லியமானது. நட்சத்திரம் பட்டென்று அணைந்து பட்டென்று எரிந்ததால் புளூட்டோவுக்கு இருப்பது போன்ற காற்று மண்டலம் அங்கே இல்லை என்றும் தெரிந்தது. 1977இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது நம் காவலூர் வானாய்வகத்திலும் அளந்தார்கள். வளையங்களின் கதை அந்த இரவில் தொடங்கியதுதான். இப்படி ஒரு நிழல் இந்தப் பக்கம் வரும் நாளில் தேவைப்படுவது பெரிய கருவி இல்லை, விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குத் துல்லியமான கடிகாரம். கணினி நேரத்தை நம்பாமல் ஜிபிஎஸ் நேரப்பொறியைக் கேமராவோடு இணைக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கையில் நேரம் மிச்சம் இருந்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் பின்னால், சுவாதிக்குக் கிழக்கே ஹவுமேயா வருகிறது. பொலிவெண் 17.3. முட்டை வடிவ உலகம், 3.9 மணி நேரத்தில் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடும். அகலமான பக்கமும் குறுகிய பக்கமும் மாறி மாறி நம்மைப் பார்ப்பதால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிக் குறைகிறது. பத்து நிமிட அடுக்குகளாக நாலு மணி நேரம் எடுத்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு வரைந்தால் அந்த இரண்டு மேடும் இரண்டு பள்ளமும் 8 அங்குலக் கருவியிலேயே கிடைக்கும். அதற்கு விடியும் வரை முற்றத்து வானம் வேண்டும். கிழக்கு இறவாரம் தாழ்ந்த வீடாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்த மூலப் படங்களை, தேதியும் நேரமும் களத்தின் நடுப்புள்ளியும் எழுதி, அழிக்காமல் வையுங்கள். அடுத்த பங்குனியில் அதே நாளில் அதே களத்தை எடுத்தால் மாக்கேமாக்கே அதில் இருக்காது. ஓராண்டில் அது முழுநிலாவின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல், சுவாதிப் பக்கமாக, நகர்ந்து போயிருக்கும்.